ட்ரயல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

சித்தப்பாவுக்கு நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் கையில் தடியாக ஓர் ஆங்கிலப் படிவம், கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து. என்ன சித்தப்பா இது என்று கேட்டால், "புது மருந்தும்மா, காசில்லாமத் தர்றாங்களாம்" என்றார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, தமிழில் படிவம் கேட்கலாம் என்பதும் தெரியாது. அதற்குப் பிறகு இதயம், நுரையீரல், ரத்த நோய்களுக்கான க்ளினிக்கல் ட்ரயல் (சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) பற்றி யார் கேட்டாலும் இதையெல்லாம் சொல்லாமல் விடுவதில்லை.

ட்ரயலைச் சிகிச்சை என்று நினைப்பதுதான் பெரிய தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன. இந்த மருந்து வேலை செய்யுமா, கெடுதல் செய்யுமா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததால்தான் ட்ரயலே நடத்துகிறார்கள். உங்களுக்குப் புது மருந்து கிடைக்கலாம், ஏற்கெனவே இருக்கும் மருந்து கிடைக்கலாம், மருந்தே இல்லாத டம்மி மாத்திரையும் கிடைக்கலாம். யாருக்கு எது என்பதைப் பெரும்பாலும் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது, பல ட்ரயல்களில் உங்கள் டாக்டருக்கே அது தெரியாது. டம்மி கிடைத்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு நான் அமெரிக்காவில் நடந்த காஸ்ட் ட்ரயலைச் சொல்வேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகாமல் அடக்கிவைத்தால் திடீர் மரணம் குறையும் என்று டாக்டர்கள் நம்பி மருந்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சோதித்துப் பார்த்தபோது, 1989-ல் வந்த முடிவு நேர் எதிராக இருந்தது. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்கள்தான் டம்மி சாப்பிட்டவர்களைவிட அதிகம் பேர் இறந்திருந்தார்கள். துடிப்பை அடக்கிய மருந்துதான், ஆனால் ஆளைக் காப்பாற்றவில்லை.

சரி, அப்படியென்றால் பக்கத்திலேயே போகக் கூடாதா? அதுவும் தவறுதான். 'சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்' என்று விலகிப்போகிறவர்கள் சென்னையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், 1956-ல் மெட்ராஸில் ஒரு ட்ரயல் தொடங்கியது. ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில், இன்னொரு பகுதியினருக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே மருந்து. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இன்று உலகம் முழுக்கக் காசநோய்க்காரர்கள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவதற்கு அந்த நோயாளிகள் ஒரு முக்கியக் காரணம். அந்த ஆய்வை நடத்திய மையம்தான் பிறகு வளர்ந்து, சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

தேடுவதில் நடக்கும் தவறுகள் வேறு வகை. வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரை நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரயல்கள் சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். 2007-ல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். ஆகவே பதிவு எண் என்ன என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். நோயின் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், எந்த ஊர் ஆஸ்பத்திரி, இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்பதெல்லாம் வரும். கடைசி விஷயத்தைப் பார்க்காமல் ராத்திரி பஸ் ஏறி வேலூரோ சென்னையோ போய், சேர்க்கை முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. முதலில் போன் செய்யுங்கள். இன்னொன்று, பதிவேட்டில் இருப்பதாலேயே அரசு 'நல்ல மருந்து' என்று சொல்லிவிட்டதாக அர்த்தம் இல்லை. மருத்துவ மாணவர்களின் பட்டமேற்படிப்பு ஆய்வுகள்கூட அங்கே இருக்கின்றன.

பணம் கேட்டால்? இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன், சேராதீர்கள். ஆராய்ச்சிக்காகக் கொடுக்கும் மருந்துக்கும் எடுக்கும் டெஸ்டுக்கும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் வழிகாட்டுதல். ஸ்டெம் செல் (மற்ற செல்களை உருவாக்கும் மூலச் செல்) ஊசி போட்டு இதயத்தைச் சரிசெய்கிறோம், நுரையீரலைப் புதுப்பிக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களில்தான் இந்த விதி அதிகம் மீறப்படுகிறது. லுகேமியா, தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்பது ஏற்கப்பட்ட சிகிச்சை, அது வேறு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஸ்டெம் செல் என்பது இன்னும் ஆராய்ச்சிதான்.

அடுத்தது, மறைப்பது. ட்ரயலில் எடுக்க மாட்டார்களோ என்று பயந்து ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினைத் தானாக நிறுத்தியவரை எனக்குத் தெரியும். செயற்கை வால்வு வைத்தவர் அப்படிச் செய்தால் வால்விலேயே ரத்தம் கட்டிவிடலாம், உயிருக்கே ஆபத்து. கஷாயம், லேகியம், பக்கத்துக் கடை மூட்டுவலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு ட்ரயல் இன்னொன்றின் கதவை மூடலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு, சரியான ஜீனை ஏஏவி என்ற வைரஸில் ஏற்றி உடம்புக்குள் அனுப்பும் ஜீன் தெரபியை எடுத்துக்கொண்டால் உடம்பு அந்த வைரஸை எதிர்க்கப் பழகிவிடும், அதே முறையை இரண்டாவது தடவை பயன்படுத்துவது மிகக் கடினம். வேலூர் சிஎம்சியில் செய்தது வேறு முறை. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸ் மூலம் ஜீனைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது, ஐந்து பேர், தொடர்ந்து கவனித்த காலத்தில் ரத்தக்கசிவு வரவில்லை. படிக்கும்போதே மனசு நிறைகிறது. ஆனால் அந்த ஐந்து பேரும் அதற்காகக் கடுமையான கீமோ தாங்கினார்கள். 'குணமாகுமா' என்பதோடு 'இதற்காக நான் எதைத் தாங்க வேண்டும், பிறகு எதில் சேர முடியாமல் போகும்' என்றும் கேட்க வேண்டும்.

இப்போது படிவம். உங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. படிக்கத் தெரியாதவர் என்றால் ட்ரயலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் யோசித்து, உங்கள் வழக்கமான டாக்டரிடமும் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டபின் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும், அதில் நோயாளிகளின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் இருக்கும். ட்ரயலில் பாதிப்பு ஏற்பட்டால், அது ட்ரயலால் வந்ததல்ல என்று நிரூபணமாகும் வரையோ, தேவைப்படும் காலம் வரையோ இலவச மருத்துவம் தர வேண்டும், ட்ரயலால்தான் என்றால் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ன் விதிகள் சொல்கின்றன. பஸ் செலவு, போகும் நாளின் கூலி பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நடுவில் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் ட்ரயல் டாக்டர்களிடம் சொல்லாமலே விலகிவிடாதீர்கள். சில மருந்துகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து, எப்படி நிறுத்துவது என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.

சித்தப்பா மறுபடி போய்த் தமிழ்ப் படிவம் கேட்டார். கொடுத்தார்கள், ஒருவர் கூட உட்கார்ந்து முக்கால் மணி நேரம் விளக்கவும் செய்தார். டம்மியும் கிடைக்கலாம் என்று தெரிந்தே இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். இப்போது அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கிறது, ட்ரயல் பெயரும் இருபத்துநாலு மணி நேர எண்ணும் எழுதியது. ராத்திரி மூச்சுத்திணறல் வந்து வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் முதலில் அதைக் காட்டு என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.