மழைக்கு அப்புறம் களிமண் கிரிக்கெட் பிட்ச் தயார் பண்றது எப்படி? மன்னார்குடி பக்கத்து அனுபவம்

ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்சு மார்கழில கிரவுண்டுக்குப் போனா பிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது, கோரை மண்டிக்கிடக்கும், சுத்தி நண்டு வளை. பொங்கல் மேட்சுக்கு மூணு வாரந்தான் இருக்கும். நாலு வருஷமா இந்த வேலைய நாங்கதான் பாக்குறோம், அதனால எழுதுறேன்.

1. நீளம் 22 கெஜம், அகலம் 10 அடி, கயிறு கட்டிக்குங்க. சுத்தி சின்ன வாய்க்கா வெட்டி தண்ணிய வடிய விடுங்க.

2. கோரைய மேலாக்க அறுத்தா நாலே நாள்ல திரும்ப வரும், கிழங்கோட தோண்டி எடுக்கணும். அருகம்புல்ல மட்டும் விட்டுடுங்க, வேர் மண்ண இறுக்கிப் பிடிக்கும். நம்ம பிள்ளையாருக்கு வைக்கிற இதே அருகம்புல்லு, இதோட ஒட்டு ரகங்க இதெல்லாந்தான் வெயில் நாட்டு கோல்ஃப் கிரீன்லயும் (குழியச் சுத்தி ஒட்ட வெட்டுன புல்தரை) இருக்கு.

3. வளை, பள்ளத்துல காஞ்ச களிமண் தூள போட்டு கொஞ்சங் கொஞ்சமா இடிச்சு நிரப்புங்க. அப்புறம் மேல்மண்ண ரேக்கால கீறி விட்டு, தண்ணி தெளிச்சு, சலிச்ச களிமண்ண அரை இஞ்ச் பரப்பணும். மொத வருஷம் கோல்ஃப் கிரீன்ல மணல் போடுற வீடியோ பாத்துட்டு நான் ஆத்து மணல போட்டேன், அந்த அடுக்கு தனியா பேந்து வந்துடுச்சு. கோல்ஃப் கிரீன்ல அடியிலயே ஒரு அடிக்கு மணல் கலவைதான், அதனால மேல மணல் போட்டா ஒட்டும், நமக்கு அடியில களிமண், அதே மண்ணுதான் மேலயும் வேணும்.

4. ரோலர். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன். வெயில்ல மேல வெளுத்துடும், காஞ்சுடுச்சுன்னு உருட்டுவோம், அடியில ஈரம் அப்படியே நிக்கும், ரோலருக்கு முன்னாடி மண்ணு அலை மாதிரி எழும்பும், ரெண்டு நாள்ல மேல் பொருக்கு தட்டு தட்டா கெளம்பிடும், பந்து ஒண்ணு தலைக்கு வரும் ஒண்ணு கணுக்காலுக்கு வரும், சின்னப் பசங்க ஆடுற எடத்துல அது ரொம்ப ஆபத்து. அதனால மூணு இஞ்ச் ஆழத்துல கத்தியால மண்ண எடுத்து உள்ளங்கையில உருட்டிப் பாருங்க. கையில ஒட்டுனா இன்னும் காயணும். உருட்டவே வராம உதுந்துட்டா தண்ணி காட்டணும். பென்சில் கனத்துக்கு வந்து அங்கங்க விரிசல் விட்டா அதுதான் பதம், அன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. மார்கழிப் பனி இருக்கும், காலையில பத்து மணிக்கு முன்னாடி ரோலர தொடவே தொடாதீங்க. மொதல்ல குறுக்க, அப்புறம் நீளவாக்குல, மெதுவா. வேலை முடிஞ்சதும் வைக்கோல் பரப்பி மூடுங்க, ஒரே சீரா காயும்.

ரோலருக்கு என் ஓட்டு கான்கிரீட் கொட்டுன 200 லிட்டர் டிரம்முக்குத்தான், ஏறக்குறைய 480 கிலோ வரும், நாலு பேர் இழுக்கலாம். டிராக்டர் வேண்டாம், டயர் பட்டை பதிஞ்சுடும்.

அப்டேட்: பிட்ச்ல விரிசல் விடுதேன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. நம்ம டெல்டா களிமண்ணு காஞ்சா சுருங்கத்தான் செய்யும், முடி கனத்து விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். விரல் நுழையிற அளவுன்னா காஞ்ச தூள வெளக்கமாத்தால தள்ளி நிரப்பி, தண்ணி தெளிச்சு, மறுபடி அந்த உருட்டுற டெஸ்ட் பண்ணிட்டு ரோலர் போடுங்க.