நாலு டிராக் கேசட்டையும் கம்ப்யூட்டரையும் ஒரே ஓட்டத்தில் ஓட்டுவது எப்படி

ஜமாப் (கொங்கு நாட்டு மேளம்) அடியை நேராகக் கம்ப்யூட்டரில் பிடித்தால் ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி குத்தும். அதையே நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் கொஞ்சம் தூக்கலாகப் பிடித்தால், டேப் அந்த முனையை மழுக்கி உருட்டிக் கொடுக்கும், கோயில் திடலில் இருபதடி தள்ளி நின்று கேட்பது போல இருக்கும். அதனால்தான் பல்லடம் பக்கம் ஒரு வள்ளி கும்மிக் குழுவுக்குப் பதிவு செய்தபோது மேளத்தை டேப்பிலும் பாட்டைக் கம்ப்யூட்டரிலும் பிடிப்பது என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்த ஆடியோ இன்டர்ஃபேஸில் (வெளி ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் பெட்டி) இரண்டே இன்புட். சலங்கை, சின்ன மேளம், பெரிய மேளம் என்று டேப்பில் இருந்த மூன்று டிராக்கையும் தனித்தனியாக ஓட்டி ஏற்றி, கையால் நகர்த்தி ஒட்டினேன். இரண்டாவது நிமிடத்திலேயே கும்மி ஆசிரியர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, பெரிய மேளம் பின்னாடியே நின்னுக்கிச்சுங்களே" என்றார்.

உங்களிடம் நாலு இன்புட் இருந்தால், நாலு டிராக்கும் தனித்தனியாக வெளியே வரும் மெஷினாகவும் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் ஏற்றிவிடுங்கள், இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. இரண்டே இன்புட் உள்ளவர்களுக்குத்தான் மீதி.

கம்ப்யூட்டர் பக்கம் நேரத்தைக் கணக்குப் பண்ணுவது ஒரு கிரிஸ்டல், அது அசையாது. கேசட்டோ வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் மோட்டார், பெல்ட், ரப்பர் உருளை எல்லாம் இழுத்து ஓடுவது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் வேகம் 0.1 சதவீதம் மாறினாலே 4 நிமிடப் பாட்டில் கிட்டத்தட்ட கால் வினாடி விலகிவிடும். கும்மியில் கால் வினாடி என்றால் கைத்தட்டு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ரெக்கார்டரின் மோட்டாரைக் கம்ப்யூட்டரால் பிடித்து நிறுத்தவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. ஆகவே டேப் முன்னே போகும், கம்ப்யூட்டர் பின்னே போகும். பின்னே போக அதற்கு ஒரு வழிகாட்டி வேண்டும், அதுதான் டைம்கோட், அதாவது ஓடும் நேரத்தையே சத்தமாக மாற்றி டேப்பில் எழுதி வைப்பது.

முதலில் மெஷின். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்து, கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். டேப் வேகத்தை மாற்றும் பிட்ச் குமிழை நடுவில் வைத்து மேலே ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள், வேலை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. கேசட் 60 நிமிடத்ததாக இருக்கட்டும், 90-இன் டேப் மெல்லிசு.

அப்புறம் டைம்கோடை எழுத வேண்டும். நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், அதன் இன்சர்ட் மெனுவிலேயே டைம்கோட் உண்டாக்கும் வசதி இருக்கிறது. வினாடிக்கு 25 பிரேம் என்று வையுங்கள், தொடக்கம் 1 மணி 0 நிமிடம் 0 வினாடி. ப்ராஜெக்ட் செட்டிங்கிலும் தொடக்க நேரத்தை அதே 1 மணியாக மாற்றிவிடுங்கள். இந்தச் சத்தத்தை மட்டும் இன்டர்ஃபேஸிலிருந்து டேப்பின் 4-ஆம் டிராக்குக்கு அனுப்பி, மேளம் பிடிப்பதற்கு முன்பே, நடுவில் நிறுத்தாமல் ஒரு பக்கம் முழுக்க எழுதுங்கள். விளிம்பு டிராக் என்பதால் அதற்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு.

இங்கேதான் நான் ஒரு ராத்திரியைத் தொலைத்தேன். மீட்டர் நிறையட்டும் என்று டைம்கோடைப் பூஜ்ஜியம் வரை ஏற்றி, டேப் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷனையும் போட்டே விட்டிருந்தேன். ரிடக்ஷன் அலையின் வடிவத்தைக் கெடுத்ததில் கம்ப்யூட்டரால் டைம்கோடைப் படிக்க முடியவில்லை. அது போதாதென்று 3-ஆம் டிராக்கில் மேளம் ஓயும் இடமெல்லாம் 'கிர்ர்ர்' என்று அதே கோட் கசிந்துகொண்டிருந்தது. ஆகவே நாய்ஸ் ரிடக்ஷனை 4-க்கு மட்டுமாவது அணைத்துவிடுங்கள் (சில மெஷின்களில் இதற்கென்றே சிங்க் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும்), அளவு மைனஸ் 10-லிருந்து மைனஸ் 7-க்குள் இருக்கட்டும், ட்ரெபிள் பேஸ் எதையும் திருப்ப வேண்டாம். 3-ஆம் டிராக்கைக் காலியாக விட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பெரிய மேளம் மாதிரி ஓயாமல் ஒலிப்பதை அங்கே போடுங்கள்.

இனி மேளம். பாட்டுக்கு முன்னால் 20 வினாடி சும்மா விட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லுங்கள், பாட்டு முடிந்ததும் அதே போல இன்னொன்று. தறி ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் அது ரொம்ப முக்கியம்.

ஏற்றும்போது இன்புட் 1-க்கு ஒரு மேளம், இன்புட் 2-க்கு 4-ஆம் டிராக். ரீப்பரில் பிளே பட்டனை ரைட் கிளிக் செய்தால் வெளி டைம்கோடுக்கான செட்டிங் வரும். அதில் எல்.டி.சி. (ஒலியாக வரும் டைம்கோட்) என்பதைத் தேர்ந்து, இன்புட் 2, 25 பிரேம் என்று கொடுத்து, கோட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் விருப்பத்தையும் டிக் செய்யுங்கள். பிரேம் எண்ணிக்கை எழுதும்போது ஒன்றும் படிக்கும்போது ஒன்றுமாக இருந்தால் ஒன்றுமே சேராது. டேப்பை ஓட்டினால் டைம்கோடைப் பிடித்துக்கொண்டு ரீப்பர் தானே கிளம்பும், அந்த 20 வினாடியை விட்டது இதற்காகத்தான். ரீப்பருக்குப் பதில் கியூபேஸ் வைத்திருந்தால் இந்த டைம்கோடை மிடி டைம்கோடாக மாற்றும் ஒரு பெட்டி நடுவில் தேவைப்படும். ஆடாசிட்டியில் இந்த வேலை ஆகாது.

ஒன்றாகக் கிளம்பினால் கடைசிவரை ஒன்றாகப் போகும் என்று நினைக்காதீர்கள். பதிவாகும் ஒலி கம்ப்யூட்டர் கடிகாரப்படிதான் விழும், டேப்பின் ஆட்டம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் மேளத்தோடு டைம்கோடையும் ஒரு டிராக்காகப் பதிந்து, இரண்டையும் ஜி அழுத்திக் குழுவாகக் கட்டிவிடுங்கள். மூன்று ஓட்டமும் முடிந்ததும் முதல் ஓட்டத்தை அசைக்காமல் வைத்து, மற்றவற்றின் முதல் அடியை அதோடு நேர் செய்யுங்கள், பிறகு ஆல்ட் பிடித்து வலது ஓரத்தை இழுத்துக் கடைசி அடியையும் நேர் செய்யுங்கள். இழுக்கும் முன் பிட்ச்சைக் காப்பாற்றும் விருப்பத்தை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் டேப் வேகம் மாறும்போது சுருதியும் சேர்ந்துதான் மாறியிருக்கிறது, சேர்ந்தே திரும்பட்டும்.

நடுவில் விலகுகிறதா என்று பார்க்க, டைம்கோட் டிராக்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து நன்றாகப் பெரிதாக்குங்கள். ஒரு பிரேமுக்கு 80 பிட், அதன் கடைசியில் 12 ஒன்றுகள் வரிசையாக வரும், அந்த இடம் மட்டும் சீப்பின் பல் போல நெருக்கமாகத் தெரியும். 25 பிரேம் என்பதால் 40 மில்லிசெகண்டுக்கு ஒரு சீப்பு. நிமிடத்துக்கு ஒரு இடத்தில் மேலும் கீழும் சீப்பு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கே மேளத்திலும் டைம்கோடிலும் சேர்த்து ஒரு ஸ்ட்ரெச் மார்க்கர் (ஒலியை அந்த இடத்தில் பிடித்து இழுக்க உதவும் குறி) போட்டு இழுத்துவிடுங்கள். 4 நிமிடப் பாட்டுக்கு நாலைந்து இடம்தான், அதற்குமேல் தேவைப்பட்டால் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கேசட் உறையில் 25 பிரேம், 1 மணி தொடக்கம், பிட்ச் நடுவில் என்று எழுதி, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் சில்லுகளையும் உடைத்து எடுத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.