வர்க்கி பறித்த குரங்கும் நம் மாரடைப்பும்

குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் போகிற வழியில், காரை விட்டு இறங்கியவரின் கையிலிருந்த வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தை ஒரு நாட்டுக்குரங்கு பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறியது. கவரைக் கிழித்து நாலைந்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டது. பறிகொடுத்தவருக்குக் கோபமே இல்லை. “நம்ம தாத்தாதானே, தின்னுட்டுப் போகட்டும்” என்றார்.

தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வால் இருந்தால் அது மனிதக்குரங்கு இல்லை. நாட்டுக்குரங்கு, சோலைக்குள் இருக்கும் கருமந்தி, சிங்கவால் குரங்கு எல்லாமே நம் வழியிலிருந்து பிரிந்து சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் உடம்போடு நெருக்கமாக ஒப்பிட வேண்டியவை சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான். அவற்றில் ஒன்றுகூட இந்தியக் காடுகளில் கிடையாது. சிம்பன்சியும் தாத்தா இல்லை. 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளி.

அப்புறம் ‘சிம்பன்சிக்கும் நமக்கும் டி.என்.ஏ. 98 சதவீதம் ஒன்று’ என்கிற பேச்சு. பொய்யில்லை. ஒத்துப்போகும் பகுதிகளை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் சிம்பன்சிக்கும் நமக்கும் அப்படித்தான் வரும். ஆனால் 2005இல் சிம்பன்சியின் மரபணுத் தொகுதி வெளியானபோது எண்ணப்பட்ட ஒற்றை எழுத்து வித்தியாசங்கள் மட்டும் சுமார் மூன்றரைக் கோடி. நோயும் 98 சதவீதம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

இதயத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். மனிதர் வளர்ப்பில் இருக்கும் சிம்பன்சிகள் இதய நோயால்தான் அதிகம் சாகின்றன. அவற்றின் கொலஸ்ட்ராலும் நம்மைவிடக் கூடுதல். சரி, ரத்தக்குழாய் அடைப்புதான் என்று நினைப்போம். இறந்த விலங்குகளை அறுத்துப் பார்த்தால் இதயத்துக்குப் போகும் குழாய்களில் பெரிய அடைப்பு அபூர்வம். கோளாறு இதயத் தசைக்குள்ளேயே இருக்கிறது: தசைநார்களுக்கு நடுவே தழும்பு போன்ற கெட்டி நார்கள் படர்ந்திருக்கின்றன. அதனால் துடிப்பின் தாளம் கெட்டுத் திடீரென்று நின்றுவிடுகிறது. நமக்கோ குழாயின் சுவரில் கொழுப்பு படிந்து அடைக்கிறது. பெயர் ஒன்று, நோய் வேறு. இதை 2009இல் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் அஜித் வர்க்கி என்கிற மருத்துவ ஆய்வாளர். (நம்ம ஊர் வர்க்கிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.)

“கொரில்லா தழை தின்றே அவ்வளவு பலமாக இருக்கிறது, நாமும் பச்சையாகவே சாப்பிடலாம்” என்பதும் இதே ரகம். மனிதக்குரங்குகளின் குடலில் பாதிக்கு மேல் பெருங்குடல். அதிலுள்ள நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துச் சக்தியாக்கித் தருகின்றன. நமக்குப் பாதிக்கு மேல் சிறுகுடல். கீரை நல்லதுதான், கொரில்லாவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். கருமந்தி லேகியம் இளைப்புக்கு மருந்து என்ற பேச்சை நான் பதிலுக்குக்கூட எடுத்துக்கொள்வதில்லை. அதைக் கொல்வது குற்றம்.

இத்தனையும் கேட்டுவிட்டு, ‘தூரத்துச் சொந்தம்தானே, நம் நோய் அதற்கு வராது, அதன் நோய் நமக்கு வராது’ என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2013இல் உகாண்டாவில் மனிதர்களுக்குச் சாதாரண ஜலதோஷம் தரும் வைரஸ் ஒரு சிம்பன்சிக் கூட்டத்தில் ஐந்தைக் கொன்றது. இங்கே குரங்குக் காய்ச்சல் இருக்கிறது. நாட்டுக்குரங்கும் சாகும், மனிதரும் சாகலாம். பரப்புவது உண்ணி. நீலகிரியில் இறந்து கிடந்த குரங்குகளிலும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. காட்டோரம் செத்த குரங்கைப் பார்த்தால் பக்கத்தில் போய் போட்டோ எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உடம்பு ஆறியதும் உண்ணிகள் அதை விட்டு இறங்கி அடுத்த ஆளைத் தேடும்.