பெயர் பெற்ற ஐரோப்பிய ஒயின்களில் உங்கள் ரசனையைக் கண்டறிவது எப்படி?

2003ஆம் ஆண்டின் கடும் வெயிலில் கனிந்த திராட்சையிலிருந்து, பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த ஷத்தோ பவி ஒரு சிவப்பு ஒயினைத் தயாரித்தது. அதை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பெரிதும் புகழ்ந்தார். பிரிட்டன் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சனோ 20க்கு 12 மதிப்பெண் மட்டுமே அளித்தார். இருவரும் ஒயினைச் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். மிகையான கனிவும் செறிவும் ஒருவருக்குச் சிறப்பாகவும் மற்றவருக்குக் குறையாகவும் பட்டன. ஆகவே புகழ்பெற்ற ஒயின் ஒன்று உங்களுக்குப் பிடிக்காமல் போவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் "பிடிக்கவில்லை" என்பதோடு நின்றுவிட்டால் அடுத்த புட்டியைத் தேர்ந்தெடுக்க அது உதவாது; புளிப்பா, துவர்ப்பா, இனிப்பா, மரப் பீப்பாயின் மணமா, எது ஒத்துவரவில்லை என்று பிரித்தறிய வேண்டும்.

அதற்கு ஏற்ற வழி, பெரும்பாலும் ஒத்திருந்து ஓரிரு கூறுகளில் மட்டும் வேறுபடும் இரண்டு ஒயின்களை அருகருகே வைத்துச் சுவைப்பதாகும். பிரான்சின் பர்கண்டி பகுதியைச் சேர்ந்த ஷாப்லியும் மெர்சோவும் தொடக்கத்துக்கு நல்ல இணை. இரண்டுமே ஷார்டனே திராட்சையில் உருவாகும் வெள்ளை ஒயின்கள். குளிர்ந்த வடபகுதியிலிருந்து வரும் எளிய ஷாப்லி பெரும்பாலும் எஃகுத் தொட்டிகளில் தயாராவதால் கூர்மையான புளிப்புடன் இருக்கும்; ஓக் பீப்பாயில் முதிரும் மெர்சோவில் வெண்ணெய், வறுத்த பருப்பு ஆகியவற்றின் மணம் மேலோங்கும். தட்பவெப்பமும் வேறுபடுவதால் இது துல்லியமான சோதனை அன்று என்றாலும், உங்கள் நாட்டம் எந்தப் பக்கம் என்பதைக் காட்டப் போதுமானது.

இனிப்பைச் சோதிக்க ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் திராட்சையில் உருவாகும் வெள்ளை ஒயினை எடுத்துக்கொள்ளலாம். ஒரே தயாரிப்பாளரின் இனிப்பற்ற வகையையும் இனிப்புள்ள வகையையும் ஒப்பிடுங்கள். புட்டியின் மேல் காணப்படும் ஸ்பேட்லேஸ (Spätlese) என்ற சொல் அறுவடையின்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதையே குறிக்கிறது. உடன் ட்ரோக்கன் (trocken) என்றும் அச்சிட்டிருந்தால் அது இனிப்பற்றது. லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரையே அதில் இருக்கலாம்.

துவர்ப்பில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. இத்தாலியின் பரோலோ என்னும் சிவப்பு ஒயின், நெபியோலோ திராட்சையிலிருந்து வருவது. விற்பனைக்கு முன் குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரக்கலனில், முதிர வேண்டும் என்பது அங்குள்ள விதி. கோப்பையில் அதன் வெளிறிய செங்கல் நிறத்தையும் ரோஜா மணத்தையும் கண்டு மென்மையானது என்று நம்பி ஒரு மிடறு அருந்துபவருக்கு, ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் சட்டென உலர்ந்து இறுகிப் போகும். துவர்ப்பைத் தரும் சேர்மமான டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து வழவழப்பைக் குறைப்பதே இதற்குக் காரணம். ஒயின் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தாலும் துவர்ப்பு கூடித் தெரியும் என்பதால், 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் பரிமாறிய பிறகே முடிவுக்கு வாருங்கள். அதன் அருகில் பினோ நுவார் திராட்சையின் சிவப்பு பர்கண்டி ஒன்றை வையுங்கள். அது பிடித்து பரோலோ பிடிக்கவில்லை என்றால், தடை பெரும்பாலும் டானின்தான். பரோலோ தயாரிப்பாளர்களே பழைய பெரிய பீப்பாய், புதிய சிறிய பீப்பாய் என இரு அணிகளாகப் பிரிந்து 1980களிலும் 1990களிலும் கடுமையாக வாதிட்டவர்கள். எனவே ஒரே ஒரு புட்டியை வைத்து அப்பகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுவது அவசர முடிவு என்பேன்.

மூக்கும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் சிரா திராட்சையிலிருந்து வரும் ஒயினில் கமழும் மிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் என்னும் சேர்மம் காரணம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் சோதனையில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரால் அதை நுகரவே முடியவில்லை. அந்த மணத்தை வியந்து பேசும் நண்பரிடம் வாதிட்டுப் பயனில்லை. ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் மட்டும் அதை ரசனை வேறுபாடாகக் கொள்ளாதீர்கள்; கார்க்கினால் அந்தப் புட்டி கெட்டிருக்கிறது.

சுவைக்கும்போது புட்டிகளின் மேல் உறையிட்டு, ஒரே வடிவக் கோப்பைகளில் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். விலையும் பெயரும் தெரிந்துவிட்டால் நாக்கு நேர்மையாக இருப்பதில்லை. எவரும் வாய் திறப்பதற்கு முன் குறிப்பெழுதி, பின்னர் வரிசையை மாற்றி மீண்டும் சுவையுங்கள். தீர்ப்பு மங்காதிருக்க, சுவைத்ததைத் துப்பிவிடுவது நல்லது. பிடிக்காத இளம் பரோலோவை உடனே கொட்டிவிடாமல், மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் உரிய வெப்பநிலைக்கு வந்த பின் இன்னொரு முறை சுவைத்துப் பாருங்கள். முதிர்ந்த பர்கண்டியை மட்டும் அவ்வாறு வைக்காதீர்கள், அதன் மணம் ஓர் இரவுக்குள் மங்கிவிடக்கூடும்.