டீசல் பில்டர் ஒழுகினால்: ஜீப்புக்கு அடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

மதுரைப் பக்கம் நாகமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் பாதை பாதி சரளை, பாதி குழி. மழைக்காலத்தில் ஃபோர் வீல் போடாமல் ஏற முடியாது. அங்கே ஓடிப் பழகிய என் பழைய டீசல் ஜீப் போன ஐப்பசியில் விளையாட்டுக் காட்டியது. டேங்க் நிறைந்திருந்தால், விடியும்போது அடியில் கைக்குட்டை அளவுக்கு டீசல் கறை. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் கறையே இல்லை. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இரண்டுக்கும் காரணம் ஒரே ஓட்டை. என் வண்டியில் பில்டர் சேசிஸ் ஓரம் தாழ்வாகத் தொங்குகிறது. டேங்கில் டீசல் உயரமாக நின்றால் தானாகவே கசியும். மட்டம் இறங்கியதும், பம்ப் உறிஞ்சும்போது அதே சந்து வழியாகக் காற்று உள்ளே போகும். பட்டறையில் ‘ஏர் பிடிக்குது’ என்பார்களே, அதுதான். சொட்டவில்லை என்பதால் ஒழுகல் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்களுடையது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைக்கும் எஞ்சின்) என்றால், ஹை பிரஷர் பம்புக்குப் பிறகு வரும் இரும்புக் குழாய்களில் கை வைக்க வேண்டாம். அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நான் சொல்வதெல்லாம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள பில்டரைப் பற்றித்தான்.

எஞ்சின் ஆறட்டும். பில்டரையும் அதற்கு மேலே உள்ள தலைப்பகுதியையும் சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டு, மேலே முகப் பவுடர் தூவுங்கள். நான் முதலில் வாசலில் இருந்த கோலமாவை எடுத்தேன்; அது கல்பொடி, எரிபொருள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிறகு தலைப்பகுதியில் இருக்கும் கை பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். பில்டருக்குள் அழுத்தம் ஏறும், பவுடரில் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. டீசல் வழிந்து அடிமுனையில் சொட்டுவதால், அடியில் உள்ள, தேங்கிய தண்ணீரை வடிக்கும் தண்ணீர் திருகைத்தான் எல்லோரும் முதலில் முறுக்குகிறார்கள். நானும் முறுக்கினேன். மரை போய்விட்டது.

எனக்கு நனைந்தது மேலே, பில்டர் தலையோடு சேரும் இடத்தில். சரி, புது பில்டர். கழற்ற பெல்ட் ஸ்பானர்தான் என் கட்சி. ஸ்குரூ டிரைவரைக் குத்தித் திருகுவது கடைசி வழி. கழற்றியதை ஒரு டப்பாவில் பிடியுங்கள். உள்ளே இருக்கும் டீசலை மண்ணில் ஊற்றாதீர்கள், பக்கத்துக் கிணறு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

நான் சறுக்கியது இனிமேல்தான். பழைய பில்டர் கையோடு வந்தது, அதன் ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வரவில்லை. அழுக்கேறிய தலையில் கறுப்பு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்தவன் கண்ணுக்கு அதுவும் தலையின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. அதன் மேலேயே புது ரிங்கோடு பில்டரை ஏற்றிவிட்டேன். ஒரு வாரம் தாங்கியது. அடுத்த ஞாயிறு முன்னைவிட அதிகமாக ஒழுகியது. உடனே இன்னும் முறுக்கினேன். இரண்டு ரிங்கும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிப் பிதுங்கின.

ஆகவே கழற்றியதும் பழைய பில்டரில் ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே இருக்கிறது. மொபைலை உள்ளே நீட்டி ஒரு போட்டோ எடுத்தாலே தெரிந்துவிடும். மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். தலை அலுமினியம், இரும்பால் கீறினால் கீறல் வழியே மறுபடி ஒழுகும். புது ரிங்கில் சுத்தமான டீசல் தடவி, கையாலேயே ஏற்றி, ரிங் தலையைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று. போதும். எம்-சீல், டெஃப்லான் டேப் எதுவும் வேண்டாம். டேப் நூல் உள்ளே போனால் இன்ஜெக்டர் வரை போகும்.

குழாய் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? ரிங் ஸ்பானர் பயன்படுத்துங்கள், ஸ்குரூ ஸ்பானர் போல்ட்டின் மூலைகளை மழித்துவிடும்.

அப்புறம் ஏர் எடுப்பது. உள்ளே மாட்டிய காற்றை வெளியே விடும் ஏர் திருகை ஒரு சுற்று தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை கை பம்பை அமுக்குங்கள். அமுக்கியபடியே திருகை மூடுங்கள். பொறுமை வேண்டும், எனக்கு நூறு அமுக்குக்கு மேல் ஆனது. ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட்டு, பழைய பவுடர் சோதனையை இன்னொரு முறை.

பாதைக் கல் பில்டரில் அடிக்காமல் பாதுகாப்புக்கு, வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை ‘ட’ போல மடித்துச் சேசிஸில் போல்ட் போட்டேன். பில்டருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால்தான் தகடு நசுங்கினாலும் பில்டர் பிழைக்கும். கல் அடிப்பது நின்றது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தகடு போட்ட பிறகு தண்ணீர் திருகைத் திறக்க முடியவில்லை என்றார். மன்னிக்கவும், அதைச் சொல்ல மறந்தேன். திருகுக்கு நேர் கீழே, கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டச் சொல்லுங்கள். சேறும் அதன் வழியே இறங்கிவிடும். நான் முதல் தகட்டில் வெட்டவில்லை. கார்த்திகை முழுக்க, தண்ணீர் வடிக்க ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட் கழற்றினேன்.