சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினைப் பிரித்தெடுப்பது எப்படி? போரானிக் அமில ஜெல்லோடு ஒரு பாடம்

'மூணு மாச சர்க்கரை' என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, அதாவது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினின் சதவீதத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குப் பல முறைகள் உண்டு. போரானிக் அமிலம் ஒட்டிய அகரோஸ் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்) ஜெல்லில் செய்வதில் ஒரு வசதி: பிரிவது கண்ணுக்கே தெரியும்.

முதலில் ஜெல். மெட்டா-அமினோஃபீனைல் போரானிக் அமிலம் ஒட்டிய அகரோஸ் 1 மில்லி, சின்னக் குழாயில் போதும். 250 மில்லிமோலார் அமோனியம் அசிடேட்டும் 50 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடும் கலந்த, பிஎச் 8.5 உள்ள பஃபரால் (பிஎச் எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்) அதை நன்றாக நனையுங்கள்.

ஏன் இவ்வளவு காரம்? ஃபீனைல் போரானிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெறும் பிஎச், 8.8 அளவில் இருக்கிறது. பிஎச் அதை நெருங்கும்போது போரான் ஹைட்ராக்சைடை ஏற்று எதிர்மின்னூட்டம் பெறும். அருகருகே, ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஹைட்ராக்சில்களை (OH குழுக்களை) அப்போது வளையம் போலக் கவ்வும். ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையில் அந்த ஜோடி இருக்கிறது, வெறும் ஹீமோகுளோபினில் இல்லை. மெக்னீசியம் எதற்கு? மின்னூட்ட விலக்கத்தைத் தணிக்க.

அடுத்து மாதிரி. கையுறை போட்டுக்கொண்டு, சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் கழுவுங்கள். பிளாஸ்மாவில் இருக்கும் குளுக்கோஸும் போரானைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இந்தக் கழுவலைத் தவிர்க்காதீர்கள். அப்புறம் தண்ணீரில் அணுக்களை உடைத்து, சுழற்றி, தெளிந்த சிவப்பு நீரில் 50 மைக்ரோலிட்டரை ஜெல்லின் மேல் விடுங்கள். அது உள்ளே இறங்கிய பிறகு அதே பஃபரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முதலில் வழியும் சிவப்பு, சர்க்கரை ஒட்டாதது. அதை ஒரு குழாயில் சேகரியுங்கள். வெளிவருவது நிறமற்றதாகும்வரை பொறுமை வேண்டும். நான் முதல் தடவை அவசரத்தில் டிரிஸ் என்ற வேறொரு பஃபரால் கழுவிவிட்டேன். டிரிஸும் போரானோடு உறவாடும், எனக்கு வந்த சதவீதத்தை வெளியே சொல்ல முடியாது!

சரி, இப்போது சிக்கியதை விடுவிக்க 200 மில்லிமோலார் சார்பிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) கரைசல். சார்பிட்டால் தன் ஹைட்ராக்சில்களோடு போய் இடத்தைப் பிடிக்க, இளஞ்சிவப்பு இறங்கி வரும். இதை வேறு குழாயில் பிடியுங்கள்.

இரண்டு குழாய்களும் 414 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்து, ஒவ்வொன்றின் அளவீட்டையும் அதன் கன அளவால் பெருக்குங்கள். இரண்டாவதை மொத்தத்தால் வகுத்தால் சதவீதம். முதல் குழாயை நீர்க்காமல் அளந்தால் கருவி திணறும், நீர்த்த மடங்கைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இந்த எண்ணை ஆய்வகச் சீட்டில் நீரிழிவுக்கு வரும் 6.5 சதவீத எல்லையோடு நேராக ஒப்பிடக் கூடாது. எச்பிஏ1சி என்பது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையில் உள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டியது மட்டும்; அதோடு லைசின் என்ற வேறு அமினோ அமிலங்களில் ஒட்டியதையும் ஜெல் பிடிக்கும்.

கடைசியாக, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கழுவினால் மீதி ஒட்டியதும் கழன்றுவிடும். பஃபரில் நனைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், உறைய விட்டால் ஜெல் மணிகள் உடையும்.