கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு: பாஸ்வேர்டில் கை வைக்காதீர்கள்

டேட்டாபேஸுடன் இணைய முயலும் அப்ளிகேஷனின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்ததும் பலர் முதலில் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் யூசருக்குக் கூடுதல் அனுமதி கொடுப்பார்கள். இரண்டுமே வீண் வேலை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கே இணைப்பு போகவில்லை. அந்த முகவரியிலுள்ள மெஷின் பதில் சொல்லிவிட்டது. அந்த போர்ட்டில்தான் (சர்வீஸ் இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாசலில்) இணைப்பை ஏற்க யாருமில்லை. பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான். பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். பாஸ்வேர்டு தவறென்றால் டேட்டாபேஸே சொல்லிவிடும்.

ஆகவே டேட்டாபேஸ் இருக்கும் மெஷினில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். லினக்ஸில் 'எஸ்எஸ்' கமாண்ட் போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு 3306. அந்த எண்ணே பட்டியலில் இல்லையென்றால் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. டிஸ்க் நிரம்பி நின்றுபோயிருக்கவும் வாய்ப்புண்டு. டேட்டாபேஸின் லாகைப் படிக்காமல் சும்மா ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எண் இருந்தும் பக்கத்தில் 127.0.0.1 (அந்த மெஷினுக்குள் மட்டுமே செல்லும் முகவரி) என்று இருந்தால், வெளி மெஷினிலிருந்து யாரும் நுழைய முடியாது. போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே இப்படித்தான் இருக்கும். அந்த முகவரியை மாற்றினால் ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். அவசரத்தில் 0.0.0.0 (மெஷினின் எல்லா முகவரிகளும்) கொடுத்து இணையம் முழுவதற்கும் திறந்துவிடுவது பழைய பிரச்சினையைவிடப் பெரிய ஆபத்து. அந்த மெஷினின் உள் நெட்வொர்க் ஐபியை மட்டும் கொடுங்கள்.

அப்ளிகேஷன்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். கன்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். அங்கே டேட்டாபேஸ் ஏது? கம்போஸ் கோப்பில் (எந்தெந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதும் கோப்பு) டேட்டாபேஸ் சர்வீஸுக்கு வைத்த பெயரை ஹோஸ்டாகக் கொடுக்க வேண்டும். போர்ட்டிலும் கவனம் தேவை: 5433:5432 என்று எழுதியிருந்தால் 5433 ஹோஸ்ட் மெஷினுக்கு, பக்கத்துக் கன்டெய்னர் 5432-க்குத்தான் போக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் தொடக்கத்தில் மட்டும் பிழை வருகிறதா? டேட்டாபேஸ் தயாராகும் முன்பே அப்ளிகேஷன் கதவைத் தட்டுகிறது. கம்போஸில் 'டிபெண்ட்ஸ் ஆன்' மட்டும் எழுதினால் கன்டெய்னர் கிளம்பும் வரைதான் காத்திருக்கும், டேட்டாபேஸ் தயாராகும் வரை அல்ல. டேட்டாபேஸ் தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் சேர்த்து அதையே நிபந்தனையாக்குங்கள். பத்து வினாடி ஸ்லீப் (வெறுமனே காத்திருக்கும் கட்டளை) போட்டு ஒப்பேற்றினால், மெதுவான மெஷினில் அதே பிழை திரும்ப வரும். அப்ளிகேஷனிலும், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலும்படி எழுதிவிடுங்கள். நடுவில் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆனாலும் தானாக இணைந்துகொள்ளும்.